அந்த நாலு பேர் காபி கொடுக்க மட்டுமா வந்தார்கள்?

"தண்ணி கேட்டா திரும்பிக்கூட பார்க்க மாட்டேங்கிறாளுங்க!" விமானத்தில் போய் வந்தவர்கள் சொல்கிற முதல் குறை இதுதான். பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குப் போய், லீவில் ஊருக்கு வரும் எங்கள் ஏரிக்கரைப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். விமானத்தில் அந்தப் பெண்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா, சகோதரிகளே?

நம் நாட்டு விதிப்படி 50 இருக்கை வரை ஒரு பணிப்பெண், 99 வரை இருவர். அதற்கு மேல் ஒவ்வொரு 50 இருக்கைக்கும் இன்னும் ஒருவர். ஆக, 180 இருக்கை கொண்ட விமானத்துக்கு 4 பேர். ஒருத்தி தலையில் 45 பயணிகள்! மலிவு டிக்கெட் விமானங்களில் பெரும்பாலும் இந்தக் குறைந்தபட்சக் கணக்குதான். திரைக்கு அந்தப் பக்கம், உயர் வகுப்பில் எட்டுப் பத்து இருக்கைகள்தான் இருக்கும். அவற்றைக் கவனிக்கத் தனியாக ஒருவர். அங்கே கேட்பதற்கு முன்பே ஜூஸ் வரும். கூடுதல் காசுக்கு அகலமான சீட்டோடு, கவனிக்கும் கைகளும் சேர்ந்து கிடைக்கின்றன.

கூடக் கொடுத்தவருக்குக் கூடுதல் உபசாரம், அதில் தப்பில்லை. ஆனால் சட்டம் அந்த 4 பேரைக் கேட்பது காபிக்காக அல்ல, உயிருக்காக. அதனால்தான் அது டிக்கெட் விலையைப் பார்க்காமல் இருக்கையை எண்ணுகிறது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். வழிகாட்டி இறக்கியவர்கள் பணியாளர்கள்தான். 1986-ல் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காக்கப் போய் உயிரை விட்ட நீரஜா பனோட் ஒரு விமானப் பணிப்பெண்தானே!

இப்படிப்பட்ட வேலைக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? என் நாத்தனார் மகள் ஒரு விமானக் கம்பெனியில் இருக்கிறாள். "அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான் அத்தை. மீதியெல்லாம் பறக்கிற மணிக்கணக்கு. ஜனங்களை ஏத்தி உட்கார வைக்கிறது, இறங்கினதும் குப்பை பொறுக்குறது, பிளேன் லேட்டானா திட்டு வாங்குறது எதுவும் கணக்குல வராது" என்றாள்.

கேட்டதும் எனக்கு நம் நினைப்புதான் வந்தது. வாசல் தெளிப்பதிலிருந்து ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை நாம் செய்வதற்கு, "வீட்ல சும்மாதானே இருக்கே" என்றுதானே பேர்? படகு கரைக்கு வந்த பிறகு இறாலைத் தரம் பிரித்து, கூடையைச் சந்தைக்குச் சுமக்கும் எங்கள் ஊர்ப் பெண்களின் உழைப்புக்கு யார் கணக்கு எழுதுகிறார்கள்? பெண் கை பட்ட வேலை என்றால் இலவசம் என்ற எண்ணம் ஆகாயம் வரை போய்விட்டது!

2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பணியாளர்கள் 10,000 பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். தரையில் செய்யும் வேலைக்கும் சம்பளம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. நம் ஊரிலும் அந்தக் கேள்வி எழ வேண்டும்.

டிக்கெட் விலை குறையட்டும், நம்மைப் போன்றவர்களும் ஒரு தடவையாவது பறக்கட்டும். அதற்காக ஜூஸை நிறுத்துங்கள், சாப்பாட்டைக் காசுக்கு விற்றுக் கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்களின் உழைப்பு நேரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து சம்பளம் ஓடட்டும்.

மகளை இந்த வேலைக்கு அனுப்ப ஆசைப்படும் அம்மாக்களே, நகையை அடகு வைத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள். பளபள யூனிஃபார்ம் இருக்கட்டும், அந்த வேலையில் எந்தெந்த மணி நேரத்துக்குச் சம்பளம்?

– ஒரு வாசகி, சுண்ணாம்புக்குளம்.