எவரும் ஆயத்தம் செய்யாத பரீட்சை

இலங்கையிற் பல்மருத்துவக் கல்விக்கெனத் தனியானதோர் அனுமதிப் பரீட்சை இல்லை. கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையே அதற்கு வாயில்; மருத்துவத்துக்கும் மிருக வைத்தியத்துக்கும் விவசாயத்துக்கும் அதுவே வாயில். ஒரு வாயிலாற் பலர் நுழைவதில் தவறில்லை. ஆயின், அவ்வாயிலின் முன் வரிசையாக நிற்போருட் பல்மருத்துவத்தை நாடி நிற்போர் எத்தனை பேர் என வினவின், கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் உயிரியற் பிரிவிற் கற்கும் மாணவன் மருத்துவத்துக்கே படிக்கின்றான். ஆசிரியர் மருத்துவத்துக்கே படிப்பிக்கின்றார். பெற்றோர் மருத்துவத்துக்கே நேர்த்தி வைக்கின்றனர். பல்மருத்துவமோ, அவ்வழியிற் சென்றவன் சிறிது இடறியபோது போய் விழும் இடமாகவே கருதப்படுகின்றது. மக்களின் வாயையும் தாடையையும் காக்கவேண்டிய தொழிலுக்கு, அத்தொழிலை ஒருபோதும் விரும்பியிராதோரைப் பொறுக்கி அனுப்பும் ஏற்பாடு ஒன்று இந்நாட்டிற் பல தசாப்தங்களாக நிலவி வருகின்றது. இதற்குத் திறமைத் தேர்வு என்பது பெயர்.

இவ்வாயத்தம் எத்தகையது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். சாதாரணதரப் பெறுபேறு வெளிவருமுன்னரே தனியார் கல்வி நிலையங்களில் உயர்தர வகுப்புகள் ஆரம்பமாகிவிடுகின்றன. அன்று முதல் மாணவனின் பொழுதைப் பாடசாலையின் நேரசூசி வகுப்பதில்லை; ரியூட்டறியின் நேரசூசியே வகுக்கின்றது. விடியற்காலையில் இரசாயனவியல், மாலையில் உயிரியல், ஞாயிறு முழுவதும் பௌதிகவியல். தகரக் கூரையின் கீழ் நெருக்கி அடுக்கிய வாங்குகளில் இருந்து, ஒலிபெருக்கியில் வரும் குரலைக் கேட்டு எழுதுதலே கற்றலாகின்றது. உயிரியலின் முதலாம் வினாத்தாளிற் பல்தேர்வு வினாக்கள் ஐம்பது. காலம் இரண்டு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். காலம் மூன்று மணித்தியாலம். இந்த ஐந்து மணித்தியாலங்களை நோக்கியே இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இளமை செலவிடப்படுகின்றது. கடந்தகால வினாத்தாள்கள் மனனம் செய்யப்படுகின்றன. எவ்விடை சரியானது என்பதிலும், எந்த நான்கு விடைகளைக் கணப்பொழுதில் நீக்கலாம் என்பதே முதன்மையாகக் கற்பிக்கப்படுகின்றது. புள்ளித்திட்டத்தில் எச்சொல்லுக்குப் புள்ளி உண்டு என்பதை அறிந்த ஆசிரியரே சிறந்த ஆசிரியர் எனப் போற்றப்படுகின்றார். அவருடைய உருவம் சந்திதோறும் பதாகையிற் காட்சியளிக்கின்றது.

இம்மூன்று பாடங்களுக்கும் இன்று செய்முறைப் பரீட்சை இல்லை என்பது இங்கு விதந்து கூறவேண்டிய செய்தியாகும். ஆய்வுகூடத்திற் கையாற் செய்யவேண்டிய பரிசோதனையை மாணவன் படமாகப் பார்த்துச் சொற்களாக எழுதிவிடுகின்றான். வேணியர் இடுக்குமானியின் வாசிப்பைத் தாளில் வரைந்த அளவிடையிலிருந்து பிழையின்றிக் கூறுபவன், அக்கருவியை ஒரு தடவையேனும் கையிற் பிடித்திராதவனாக இருக்கலாம். மிளிரியே மனித உடலின் மிகக் கடினமான பொருள் என எழுதத் தெரிந்தவனுக்குத் தன் விரல்கள் எவற்றைச் செய்ய வல்லன என்பது தெரியாது. அதனை அறிய அவனுக்கு அவகாசமும் அளிக்கப்படவில்லை.

முதற்றடவை தவறினால் இரண்டாந் தடவை. அதுவும் தவறினால் மூன்றாந் தடவை. இவ்வாண்டுகளில் வீட்டின் வருமானத்திற் பெரும்பங்கு வகுப்புக் கட்டணமாகக் கழிகின்றது. தமக்கையின் திருமணம் பிற்போடப்படுகின்றது. காணி ஈட்டுக்குப் போகின்றது. ஈற்றில் இசட் புள்ளி வருகின்றது. மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சிறிது கீழே அது நின்றுவிடின், அவ்வீட்டிற் பல்மருத்துவம் என்ற சொல் முதன்முறையாக உச்சரிக்கப்படுகின்றது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் மருத்துவத்தின் இலக்கம் 001. பல்சத்திரசிகிச்சையின் இலக்கம் 002. அட்டவணை வசதிக்காக இடப்பட்ட இவ்விலக்கங்களைச் சமூகம் தரவரிசையாகவே வாசிக்கின்றது. அயலவர் விசாரிக்கும்போது தாய், “பிள்ளைக்குப் பல்லுத்தான் கிடைச்சது” என்கின்றார். தேற்றப் பொருளில் வரவேண்டிய இடைச்சொல் இங்கு இழிவுப் பொருளில் வந்து நிற்கின்றது. ஒரு சமூகத்தின் தொழில் மதிப்பீடு முழுவதும் அந்த ஒரு ‘தான்’ என்பதில் அடங்கியிருக்கின்றது எனலாம். (இந்த ஏணியின் அடிப்படியிலே கலைப்பீடத்தை வைத்துள்ளமையால், அங்கிருந்து எழும் கண்டனத்தைப் பொறாமை எனத் தள்ளிவிடுவோரும் உளர். கீழே நிற்பவனுக்கே ஏணி முழுவதும் தெரியும் என்பதை அன்னோர் மறந்துவிடுகின்றனர்.)

இவ்வாறு இகழப்படும் தொழில்தான் யாது? 1938 இற் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டு, 1954 இற் பேராதனைக்கு மாற்றப்பட்ட பல்மருத்துவக் கல்வி, பல்லைப் பிடுங்குவதற்கு மட்டும் ஆள் தேடி ஏற்பட்டதன்று. மேற்றாடையின் பல்லிற் பணி செய்பவர் அதனைப் பெரும்பாலும் நேரே காண்பதில்லை. சிறு கண்ணாடியில் அதன் விம்பத்தைக் கண்டு, திசை மாறித் தோன்றும் அவ்விம்பத்துக்கு இசையத் தம் கையை இயக்குகின்றார். மிளிரியின் தடிப்பு மிகக் கூடிய இடத்திலும் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றரே. அதற்குள்ளே நரம்பும் குருதிக்கலன்களும் செறிந்த பற்கூழ் கிடக்கின்றது. மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தவறினாலும் தவறு தவறே. இருக்கையிற் கிடப்பவரோ உணர்வோடு இருக்கின்றார். இத்திறன் பல்தேர்வு வினாவில் விடை நீக்கும் திறனோடு எவ்வகையிலும் தொடர்புடையதன்று.

மேலும், இந்நாட்டு ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்து விளைக்கும் கேடு அது. பாக்கு தனித்தே புற்றுநோயை விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அறிக்கை வெளியிட்டது. கன்னத்தின் உட்புறத்திலே தோன்றும் வெண்படலத்தை முதலிற் காணக்கூடியவர், பல்வலிக்கு மருந்து தேடி வந்த கமக்காரனின் வாயைத் திறந்து பார்க்கும் பல்வைத்தியரே. அவ்வேளையில் அவருக்கு நோயாளியிடத்துப் பொறுமையும் தம் தொழிலிடத்து மதிப்பும் இருத்தல் வேண்டும். தமக்குக் கிடைக்காத வேறொரு பீடத்தை எண்ணி ஆண்டுகளைக் கழித்தவரிடம் இவ்விரண்டும் தாமாக வந்து சேரும் என எதிர்பார்ப்பதற்கில்லை. தொழிலிற் புகுந்தபின் அதன்மீது பற்றுக் கொண்டு சிறந்து விளங்குவோர் பலர் உளர் என்பது மெய்யே. அது அவர்தம் பெருமையன்றி, அவரைத் தேர்ந்தெடுத்த முறையின் பெருமையன்று.

இவ்விடத்து மலையகத்தைக் குறிப்பிடாது செல்லல் முறையன்று. 1970 ஆம் ஆண்டு முதல், நோர்வே நாட்டு அறிஞர் ஹறால்ட் லோவும் அவர்தம் சகபாடிகளும் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரான ஆண்கள் 480 பேரின் முரசுகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். பல்மருத்துவக் கவனிப்பு எட்டாதிருந்த இம்மக்களிடையே, சிகிச்சை எதுவும் இன்றி முரசுநோய் தன்போக்கில் எவ்வாறு வளர்கின்றது என்பதைக் காண்பது அவர்தம் நோக்கம். 1986 இல் வெளிவந்த முடிவின்படி ஏறத்தாழ 8 வீதத்தினரிடம் நோய் விரைந்தும், 81 வீதத்தினரிடம் மிதமாகவும் முன்னேறியது. 11 வீதத்தினரிடம் அது முன்னேறவில்லை. உலகெங்கும் முரசுநோய் பற்றிய பாடநூல்கள் இன்றும் இவ்வெண்களை எடுத்தாளுகின்றன. கொழுந்து மலைகளில் உழைத்தோரின் வாய்கள் பாடநூலாயின. அவர்தம் பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேர் அப்பாடநூலைத் திறக்கும் நிலையில் உள்ளனர்? தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றில் உயிரியற் பிரிவே இல்லை. உயர்தர விஞ்ஞானம் கற்க விரும்புபவன் பட்டணத்துக்குச் செல்லவேண்டும்; பட்டணத்துக்குச் சென்றால் ரியூசன் கட்டணமும் செலுத்தவேண்டும். பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 வீத இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பர். நுவரெலியா மாவட்டத்துக்கு உரிய இடம் லயத்து அறைக்கு உரிய இடமாகிவிடுவதில்லை.

ஏனைய நாடுகளில் இதற்கு மாற்று ஏதும் இருந்ததில்லையா? ஐக்கிய அமெரிக்காவிற் பல்மருத்துவக் கல்லூரிகளுக்கெனத் தனியான அனுமதிப் பரீட்சை 1950 முதல் நாடளாவிய முறையில் நடைபெற்று வருகின்றது. அதன் தொடக்க காலத்தில் விண்ணப்பதாரியிடம் ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு சிறு கத்தியும் கொடுக்கப்பட்டன. தரப்பட்ட வரைபடத்தின்படி, குறித்த அளவுகளில் அக்கட்டியை அவன் செதுக்கிக் காட்டவேண்டும். 1972 இல் இது கைவிடப்பட்டு, அதன் இடத்திற் காட்சிப்புலனையும் இடவுணர்வையும் தாளிற் சோதிக்கும் பகுதி புகுத்தப்பட்டது. கோணங்களைச் சிறியது முதற் பெரியது வரை ஒழுங்குபடுத்தல், மடித்துத் துளையிட்ட தாளை விரித்தால் துளைகள் எங்கெங்கே தோன்றும் எனக் கூறல், அடுக்கிய கனவுருக்களை எண்ணல் முதலாய வினாக்கள் தொண்ணூறு. காலம் அறுபது நிமிடம். கனடாவில் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் சவர்க்காரக் கட்டியைச் செதுக்கும் சோதனை நீடித்தது. அந்நாடுகளிலும் இப்பரீட்சையைச் சுற்றிப் பயிற்சி நூல்களும் கட்டண வகுப்புகளும் பெருகியுள்ளன. அங்கு எல்லாம் செவ்வனே உள்ளன என்பது இங்கு வாதமன்று. எனினும் அங்கு ஆயத்தம் செய்யும் இளைஞன், தான் பல்வைத்தியத்துக்கே ஆயத்தம் செய்வதை அறிந்திருக்கின்றான். சவர்க்காரத்தைச் செதுக்கிப் பழகிய ஒரு மாலைப்பொழுதிலேனும் அவன் தன் கையை நோக்கியிருப்பான்.

இங்கு வலிமை வாய்ந்த ஒரு மறுப்பு எழும். அதனை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. தமிழ் மாணவனுக்கு எண் ஒன்றே காவல்; நேர்முகம் என்றும் செய்முறை என்றும் ஆளைப் பார்த்துப் புள்ளியிடும் வழியைத் திறந்தால், செல்வாக்கும் இனச்சார்பும் அவ்வழியே புகும் என்பதே அம்மறுப்பு. இவ்வச்சம் வெறுங்கற்பனையில் தோன்றியதன்று. ஆயின், எண் எப்போது காவலாக இருந்தது? 1971 ஆம் ஆண்டு அனுமதியில், மருத்துவத்துக்கும் பல்மருத்துவத்துக்கும் சிங்கள மொழிமூலம் தோற்றியோருக்குப் போதுமாயிருந்த ஆகக்குறைந்த புள்ளி 229. தமிழ் மொழிமூலம் தோற்றியோருக்கு 250. எண்களை எவரும் மறைக்கவில்லை. எண்களைக் கொண்டே அநீதி இழைக்கப்பட்டது. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 2001 இல் இசட் புள்ளி வந்தது. இன்று 40 வீதம் திறமையாலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றது. எந்தெந்த எண்ணை எவ்வாறு கூட்டிக் கழிப்பது என்பது பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாடு வாதிட்டுள்ளது. அவ்வெண் எதனை அளக்கின்றது என்ற வினா அவ்வாதங்களிற் பின்தள்ளப்பட்டே வந்துள்ளது. அநீதிக்கு உள்ளான தமிழ்ச் சமூகமும், தான் இழந்த இடங்களின் தொகையைக் கணக்கிட்டதேயன்றி, அவ்விடங்களுக்கு எவ்வகை மனிதரை அனுப்ப விரும்புகின்றது எனத் தன்னைத்தான் கேட்டுக்கொள்ளவில்லை. தரப்படுத்தலை எதிர்த்து வீதியில் இறங்கிய சமூகம், தன் பிள்ளைகளை ரியூட்டறி தரப்படுத்துவதற்கு மாதந்தோறும் பணம் செலுத்தி வருகின்றது.

ஆளைப் பாராது கையைச் சோதிக்க இயலும் என்பதே அம்மறுப்புக்கு நேரான விடை. செதுக்கிய சுண்ணக்கட்டிக்கு மொழியும் இல்லை, ஊரும் இல்லை. சுட்டெண்ணை மட்டும் ஒட்டி, வேறொரு மாகாணத்துப் பரீட்சகர் இருவரிடம் அதனைச் சேர்ப்பிக்கலாம். நீளத்தையும் கோணத்தையும் அளப்பதற்கு, மாணவர் படத்திற் கண்ட அதே இடுக்குமானி போதும். மருத்துவத்துக்கும் பல்மருத்துவத்துக்கும் தகுதி பெற்ற புள்ளி எல்லைக்குள் நிற்போரில், 002 ஐத் தம் முதல் விருப்பமாக எழுதி இச்சோதனையிலும் தேறியவனுக்கு, அதனை மருத்துவத் தெரிவுகள் அனைத்துக்கும் கீழே எழுதியவனிலும் முன்னுரிமை அளிக்கலாம். விண்ணப்பப் படிவம் நிரப்புமுன், பல்வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பகுதியில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பதற்குப் பாடசாலைகள் வழி செய்யலாம். மாவட்ட ஒதுக்கீடு இதனாற் குலையவேண்டியதில்லை. இவையனைத்தும் மாவட்டத்துக்குள்ளேயே நடைபெறக்கூடியவை.

இத்தனை ஆயிரம் பேருக்குச் செய்முறைப் பரீட்சை நடத்துதல் சாத்தியமன்று, பணமும் இல்லை, பரீட்சகரும் இல்லை என அதிகாரிகள் கூறுவர். உயர்தரத்தில் நடனத்தையும் சங்கீதத்தையும் நாடகத்தையும் பாடமாகக் கொண்ட மாணவருக்கு இதே பரீட்சைத் திணைக்களம் நாடெங்கும் செய்முறைப் பரீட்சை நடத்தி வருகின்றது. பரதம் ஆடும் மாணவியின் காலையும், வீணை மீட்டும் மாணவியின் விரலையும் பார்த்துப் புள்ளியிட அங்கு பரீட்சகர் கிடைக்கின்றனர்.