கீரை வேண்டாம் என்ற குழந்தைகள்

திருவதிகைக் கோவிலுக்குப் போகிறவர்கள் அப்பர் பெருமானை நினைத்துக் கும்பிடுகிறார்கள். அவரை வளர்த்த அக்காள் திலகவதியாரையும் நினைக்க வேண்டும். பெற்றோர் மாண்டார்கள். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மடிந்தார். உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காகவே உயிர் தாங்கினார் என்கிறது பெரியபுராணம்.

அப்படி ஓர் அக்காளும் இல்லாத குழந்தைகள் என்ன செய்வார்கள்?

1942-ல் அத்தகைய குழந்தைகள் நம் நாட்டுக்கு வந்தார்கள். போலந்துக்காரர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். சோவியத் ரஷியா அவர்களைக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடு கடத்தியிருந்தது. பசியிலும் நோயிலும் பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள் பலர். நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜயசிங், ஜாம்நகர் அருகே பாலாச்சடிக் கடற்கரையில், தம் கோடை மாளிகைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு விடுதி கட்டிக் கொடுத்தார்.

மன்னர் இந்து. விடுதித் தலைவரோ புளூட்டா என்ற போலந்துப் பாதிரியார். ஜெபம் அவர்கள் முறைப்படி நடந்தது. பாடம் அவர்கள் மொழியில். சாரணர் படையும் இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் கொண்டாட்டம்! குழந்தைகள் தங்கள் நாட்டு நடனம் ஆட, மன்னர் உட்கார்ந்து பார்ப்பார். அவரை "பாப்பு" என்று கூப்பிட்டார்கள். அப்பா என்று பொருள்.

சாப்பாட்டில்தான் தகராறு. அடிக்கடி கீரை! குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து சாப்பிட மறுத்து விட்டார்கள். சேதி மன்னர் காதுக்கு எட்டியது. இனிக் கீரை சமைக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டாராம். தலை நரைத்த பிறகும் அந்தக் "குழந்தைகள்" இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அண்டி வந்த பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னால், "நன்றி கெட்டது" என்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். சோறு போட்டு விட்டு, பதிலுக்கு மதத்தையோ மொழியையோ கேட்பவர்களும் உண்டு. ஜாம் சாகேப் கேட்கவில்லை.

1946-ல் விடுதி மூடப்பட்டது. மிச்சமிருந்தவர்கள் பலர் கோலாப்பூர் அருகே வாலிவடே முகாமுக்குப் போனார்கள். 2024 ஆகஸ்டில் வார்சா சென்ற பிரதமர் மோடி, ஜாம் சாகேப் நினைவுச் சதுக்கத்தில் மலர் வைத்து வணங்கினார்.

நல்ல காரியம். ஆனால் நம் வீட்டு வாசலில் என்ன நடக்கிறது? 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய சந்ததியாருமாக 50,000 பேருக்கு மேல் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு அவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் சூட்டியது. பெயர் மாறியது சரி. முகாமில் பிறந்து, நம் பள்ளியில் படித்து, நம் தமிழையே பேசும் சிறுவன் எந்த நாட்டுப் பிள்ளை? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவனுக்கு இடம் இல்லை. டில்லி சர்க்கார் அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும்.