டர்போவை மாற்றச் சொன்னால் காரணத்தை எழுதி வாங்குங்கள்

பொங்கல் முடிந்து மகன் காரில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிளியனூர் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, கார் விசிலடிக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவிக்கும் கேட்கவில்லை. ஏசி சத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மகன் வேகத்தைக் கூட்டினான். நம் வயதில் காது முதலில் கைவிடுவது கீச்சென்ற சத்தங்களைத்தான். குருவிச் சத்தம் போய்விடும், லாரி ஹாரன் மட்டும் போகாது.

திரும்பி வரும்போது மேம்பாலம் ஏறுகையில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் கரும்புகை. மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்துப் பத்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். டர்போ போய்விட்டது, புதிது 68,000 ரூபாய், கூலி தனி. மகன் தலையாட்டப் போனான். நான் குறுக்கே விழுந்தேன்.

"எதை வைத்து டர்போ என்கிறீர்கள்?"

"கம்ப்யூட்டர் சொல்லுது சார்."

கம்ப்யூட்டர் சொன்னது அதுவல்ல. எஞ்சினுக்குப் போகும் காற்றழுத்தம் குறைவு என்று மட்டுமே அது சொன்னது. கஜானாவில் பணம் குறைகிறது என்று பேரேடு காட்டும். பெட்டியில் ஓட்டையா, எண்ணியவர் பிழையா என்பதை ஆள்தான் போய்ப் பார்க்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். காரணம் எழுதாத குறிப்பை மேலே அனுப்பினால், மறுநாளே அது என் மேசைக்குத் திரும்பி வந்துவிடும்.

டர்போ ஒன்றும் மாயமில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். பெயரும் பொருத்தம். 1822இல் கிளோது புர்தேன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 'துர்பின்' என்ற சொல்லை உண்டாக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட லத்தீன் சொல் 'துர்போ'. சுழல்காற்று என்றும் பொருள், பம்பரம் என்றும் பொருள்.

பம்பரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே இரண்டு மூன்று ரப்பர் குழாய்கள், அவற்றை இறுக்கும் கிளாம்புகள், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். இவற்றில் எங்கே கசிந்தாலும் அழுத்தம் குறையும். அளந்து உள்ளே விட்ட காற்று வழியிலேயே போய்விடுவதால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகை வரும். எங்கள் வண்டிக்கு வந்ததும் கரும்புகை. டர்போவின் தண்டு தேய்ந்தால் பெரும்பாலும் எண்ணெய் எரிந்து நீலப்புகை வரும், ஆயிலும் குறையும். இதைக்கூடப் பிரித்துக் கேட்காமல் விலை சொல்பவரை என்ன சொல்வது?

பள்ளியில் 'திக்தே' என்று சொல்வதெழுதல் உண்டு. பிரெஞ்சில் பாதி எழுத்துகள் காதில் விழாது. இலக்கணக் காரணம் யோசித்துத்தான் எழுத வேண்டும், தப்பினால் முசியேயின் பிரம்பு. அந்தப் பழக்கத்தில் பேத்தியை உட்கார வைத்துக் கேட்டேன். எப்போது விசில்? ஏற்றத்திலும், அப்பா மிதிக்கும்போதும். நின்றிருக்கும்போது? இல்லை. காலை விட்டால்? உடனே நின்றுவிடும். எப்படி இருக்கும்? பலூன் வாயை இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் வருமே, அப்படி. ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மிதித்தால் மட்டும் வந்து, விட்டால் நிற்கும் சீறல் காற்றுக் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த தண்டு சைரன் போல ஊளையிடும், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும்.

தாளோடு நெல்லித்தோப்புப் பக்கம் பாயிடம் போனோம். அவர் தாளைப் படித்தார், இரண்டு கேள்வி கேட்டார், பிறகுதான் பானட்டைத் திறந்தார். டர்போ வாயில் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் இம்மி அசைந்தது, அது வழக்கம்தானாம். முன்னும் பின்னும் அசையவில்லை. பிறகு மூடிய குழாய்களுக்குள் லேசாகக் காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். இன்டர்கூலர் குழாயின் அடியில், கிளாம்பை ஒட்டி, நுரை பொங்கியது. அந்த இடத்தில் எண்ணெய்க் கசடும் இருந்தது. குழாயும் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய்.

பெரிய ஒர்க்‌ஷாப் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே தண்டு தேய்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. சக்கரம் உடைந்தால் துண்டு எஞ்சினுக்குள் போகும். டீசல் வண்டியில் கசியும் எண்ணெயையே குடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எஞ்சின் வெறிபிடித்து ஓடுவதும் உண்டு. ஆகவே மாற்றுங்கள், ஆனால் குழாய்களைச் சோதித்தீர்களா, தண்டை அசைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டு, பதிலை எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிய பிறகு மாற்றுங்கள். எழுதித்தர மறுத்தால் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். "அப்பா, காலம் மாறிடுச்சு, யாரும் எழுதித் தரமாட்டாங்க" என்கிறான் மகன். 68,000 ரூபாய்க்கு ரசீது எழுதத் தெரிந்தவர்களுக்கு இரண்டு வரி காரணம் எழுதத் தெரியாதா?

பழைய டர்போவை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள். பென்ஷன் பணம் நம்முடையது.

போன ஞாயிறு மரக்காணம் வரை போய்வந்தோம். வண்டி நன்றாக இழுக்கிறது. இன்னும் கொஞ்சம் விசில் கேட்கிறது, ஆனால் முன்பு மாதிரி இல்லை என்கிறாள் பேத்தி. பாயிடம் சொன்னேன். "அது டர்போவோட சொந்தக் குரல் சார், அது இருக்கும்" என்றார். எனக்கு அதுவும் கேட்கவில்லை.