செல்போனைப் புடுங்கினீங்க, சரி... பதிலுக்கு என்ன குடுத்தீங்க?

முதல்லயே சொல்லிடறேன். வகுப்புல செல்போன் கூடாது. இதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதனால "பசங்க கையில போனைக் குடுத்துக் கெடுக்கச் சொல்றியா"ன்னு யாரும் சண்டைக்கு வர வேணாம். யுனெஸ்கோ 2023-ல வெளியிட்ட அறிக்கையில, ஒரு தடவை கவனம் சிதறினா திரும்பப் பாடத்துக்கு வர 20 நிமிஷம் வரைக்கும் ஆகலாம்னு சொல்லியிருக்காங்க. நம்ம ஊர் பீரியடு 40, 45 நிமிஷம். கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

என் சண்டை வேற. "எல்லாம் பிள்ளைங்க பாதுகாப்புக்காகத்தான்"னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

சிபிஎஸ்இ பள்ளிகள்ல செல்போனுக்குக் கட்டுப்பாடுன்னு சுற்றறிக்கை வந்தது 2009-ல. அப்ப ஊர் எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பாகூர் கடைத்தெருவா இருக்கட்டும், வில்லியனூர் பஸ் ஸ்டாப்பா இருக்கட்டும், பெட்டிக்கடை வாசல்ல ஒரு ரூபா காயின் பாக்ஸ் தொங்கும். எஸ்டிடி பூத்து இருக்கும். பிள்ளை பஸ்ஸை விட்டுட்டா ஒரு ரூபா போட்டு வீட்டுக்குச் சொல்லிடும். இன்னிக்கு அந்த டப்பா எங்கய்யா இருக்கு? டப்பா போயிடுச்சு, பூத்து போயிடுச்சு, தடை மட்டும் அப்படியே இருக்கு. நம்ம புதுச்சேரி அரசுப் பள்ளிகள்ல மேல் வகுப்புகளும் 2023-லேர்ந்து சிபிஎஸ்இ-க்கு மாற ஆரம்பிச்சாச்சு. பாடத்திட்டத்தை மாத்தத் தெரிஞ்சவங்களுக்கு, அவசரத்துக்கு ஒரு போன் வைக்கணும்னு தோணலையா?

டவுன்ல உக்காந்து யோசிக்கிறவங்களுக்கு இது புரியாது. ஒயிட் டவுன்ல ஒரு தெரு தள்ளி வீடு. இங்க அப்படியா? கரையாம்புத்தூர், குருவிநத்தம், சேலியமேடுன்னு சிதறிக் கிடக்கிற ஊருங்க. நடுநடுவுல தமிழ்நாடு வேற வந்து வந்து போகும். கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் பக்கம்னா கடலூர் ரோட்டைக் குறுக்க தாண்டணும், அங்க வண்டிங்க பறக்கிற வேகம் உங்களுக்கே தெரியும். வில்லியனூர் பக்கம் சேதராப்பட்டு, மங்கலம், கூடப்பாக்கம். அப்பா கம்பெனியில ஷிப்டு, அம்மா நடவு வேலையிலயோ நூறு நாள் வேலையிலயோ இருப்பாங்க. ஸ்கூல் வேன் வெச்சு அனுப்ப முடியாத வீடுங்கதான் நிறைய. மாணவர் சிறப்பு பஸ்ஸுன்னு விட்டாங்க, நல்ல விஷயம்தான். ஆனா அது மணி அடிக்கிற நேரத்தை வெச்சு விட்ட பஸ். பத்தாவது, பன்னண்டாவதுக்கு சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு வர்ற பிள்ளைக்கு அது எப்படி உதவும்?

எங்க தெருவுல ஒரு பொண்ணு. பத்தாவது. ஒருநாள் திடீர்னு டெஸ்ட்டுன்னு நிறுத்தி வெச்சுட்டாங்க. வழக்கமா அஞ்சுக்குள்ள வர்ற பொண்ணு ஆறரை ஆகியும் வரல. அவங்கம்மா பள்ளிக்கூட நம்பருக்கு அடிச்சா ரிங் போய்க்கிட்டே இருக்கு, எடுக்க ஆள் இல்ல. ஆபீஸ் பூட்டியாச்சாம். நானும் அவங்க மாமாவும் வண்டியை எடுத்துக்கிட்டுத் தேடிப் போனோம். இருட்டுல பஸ் ஸ்டாப்புல தனியா நின்னுக்கிட்டு இருக்கு. "யார்கிட்டயாவது போன் வாங்கிப் பேசியிருக்கலாமேம்மா"ன்னு கேட்டேன். "பக்கத்துல குடிச்சிட்டு ரெண்டு பேர் நின்னாங்கண்ணா, அவங்ககிட்டயா கேட்கிறது"ன்னுச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன். எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்காதீங்க, பேர் வேணாம். எல்லா இடத்துலயும் இதே கதைதான்.

இன்னொரு கூத்து. காலையில போன் பிசாசு. சாயங்காலம் ஏழு மணிக்கு அதே பள்ளிக்கூடத்துலேர்ந்து ஹோம்வொர்க் வாட்ஸப்புல வருது! 2020-லயும் 21-லயும் கொரோனா நேரத்துல போன் இல்லாத பிள்ளைக்குப் பாடமே இல்லன்னாங்க. கடன் வாங்கி போன் வாங்கினவங்க எத்தனை பேர். அப்ப அது கல்விச் சாதனம், இப்ப அது கஞ்சாப் பொட்டலம் மாதிரி. பையைக் கொட்டித் தேடறாங்க.

சரி, ஆபத்து போன் வழியாத்தான் வருதா? 2025 பிப்ரவரியில தவளக்குப்பத்துல தனியார் பள்ளியில ஒண்ணாங்கிளாஸ் குழந்தைக்கு ஆசிரியராலயே பாலியல் கொடுமைன்னு புகார் வந்து ஜனங்க ரோட்டை மறிச்சாங்களே, மறந்துட்டமா? அந்த வயசுக் குழந்தைக்கு போன் குடுங்கன்னு நான் சொல்லல. போனைத் தடுத்தா பாதுகாப்பு வந்துடும்ங்கற கதையை விடாதீங்கன்னு சொல்றேன். பள்ளிக்கூடச் சுவத்துல "1098-க்குக் கூப்பிடுங்கள்"னு ஒட்டி வெக்கிறாங்க. எதை வெச்சுக் கூப்பிடறது? ஹெட்மாஸ்டர் ரூம் போன்லயா? புகாரே வாத்தியார் மேலன்னா?

மத்த இடத்துல எல்லாம் கொஞ்சமாவது யோசிச்சிருக்காங்க. டெல்லி அரசு 2023 ஆகஸ்டுல கட்டுப்பாடு கொண்டாந்தப்ப, போனை வாங்கி வெக்க லாக்கர் வெக்கலாம், அவசரத்துக்குப் பேச ஹெல்ப்லைன் நம்பர் வெக்கலாம்னு சேர்த்தே சொன்னாங்க. 2025-ல டெல்லி ஹைகோர்ட்டு இன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு: முழுத் தடை நடைமுறைக்கு ஒத்து வராது, வகுப்புல பயன்படுத்தக் கூடாது, முடிஞ்ச இடத்துல காலையில வாங்கி வெச்சு சாயங்காலம் திருப்பிக் குடுங்க, பெத்தவங்ககிட்டயும் கலந்து விதியை எழுதுங்கன்னு. நம்ம ஊருக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டுதான், அந்தத் தீர்ப்பு இங்க கட்டுப்படுத்தாது. ஆனா நல்ல புத்தியை எடுத்துக்கக் கோர்ட்டு உத்தரவு வேணுமா என்ன?

நான் கேட்கிறது மூணே மூணு.

1. கேட்டுல ஒரு பெட்டி. பட்டன் போனோ எதுவோ, காலையில பேர் எழுதி வாங்கி வையுங்க. வீட்டுக்குப் போறப்ப குடுத்துடுங்க.

2. கடைசிப் பிள்ளை கிளம்புற வரைக்கும் எடுத்துப் பேச ஆள் இருக்கிற ஒரு நம்பர். பிள்ளைங்களும் அதுலேர்ந்து காசில்லாம, யார்கிட்டயும் காரணம் சொல்லாமப் பேசணும்.

3. ஸ்பெஷல் கிளாஸ்னா முந்தின நாளே வீட்டுக்குத் தகவல். வாட்ஸப்புல ஹோம்வொர்க் அனுப்பத் தெரியுதுல்ல, இதையும் அனுப்புங்க.

லட்சக்கணக்குல செலவாகற சமாச்சாரமா இது? ஒரு மரப்பெட்டி, ஒரு போன், ஒரு ஆள். இதைக்கூடச் செய்யாம "தடை"ன்னு ஒரு நோட்டீஸை ஒட்டிட்டுப் போறதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லீங்க, கை கழுவறது. அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க்கு பத்தி மட்டும் கேட்டுட்டு வராதீங்க. "எம் பொண்ணு ஆறு மணிக்கு மாட்டிக்கிட்டா எந்த நம்பர்லேர்ந்து எனக்குப் பேசுவா?"ன்னு எழுந்து நின்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் உக்காராதீங்க.

பி.கு: 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 112 எல்லா அவசரத்துக்கும். உங்க நம்பரோட சேர்த்து இந்த ரெண்டையும் பிள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வெச்சுடுங்க. மனசுல இருக்கிறதை யாரும் பறிமுதல் பண்ண முடியாது.