முழுங்காதே, சொல்லித் தொலை!

இந்த வாரம் புடுங்கின ஆணி பத்தி ஒரு புலம்பல். பார்சர்னா அலர்ஜி உள்ளவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

எங்க ஊர் சித்தூர். ஜூன் மாசம் தோத்தாபுரி மாங்காய் லோடு கூழ் ஃபாக்டரி வாசல்ல வரிசை கட்டி நிக்கும். அப்படி ஒரு ஃபாக்டரியில பில் போடறது, நான் இங்க டல்லாஸ்ல உக்காந்து பராமரிக்கிற ஒரு குட்டி மொழி. முதன்மைக் கோப்பு, விலைப்பட்டியல் கோப்பை உள்ளே இழுக்கும். பட்டியல்ல யாரோ மேற்கோள் குறியை மூடாம விட்டுட்டாங்க. பார்சர் நின்னு கத்த வேண்டாமா? லாக்ல ஒரு வரி முனகிட்டு, போன வருஷ விலையை எடுத்துப் பில் போட்டுடுச்சு. நஷ்டம் மாங்காய் கொண்டு வந்தவருக்கு.

அந்த முனகலும் பொய். கோப்புப் பேர் முதன்மையோடது, வரி எண் பட்டியலோடது! திருப்பதியில இருக்கற சப்போர்ட் பையன் ஒரு தப்பும் இல்லாத 41வது வரியை விடிய விடிய முறைச்சிருக்கான். பாவம்.

காரணம் அல்பம். கோப்புப் பேர், வரி எண் ரெண்டையும் அடுக்கா வைக்காம ஆளுக்கொரு குளோபல் மாறியில போட்டிருந்தாங்க. உள்கோப்பைப் படிக்கிற பார்சர் தோத்தா வெளிப் பார்சருக்குத் தகவலே போகாது. இப்ப ஒவ்வொரு டோக்கனும் தன் கோப்பையும் வரியையும் சுமக்குது. பிழை வந்தா காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதின்னு ரயில் வந்த வழி மாதிரி, எந்தக் கோப்பு எதை இழுத்ததுன்னு முழுசா சொல்லிட்டு நிக்கும். ஜிசிசி பல வருஷமா பண்றதுதான்.

"பழைய ஸ்கிரிப்டெல்லாம் நின்னுடுமே"ங்கிறார் எங்க ஆர்க்கிடெக்ட். நிக்கட்டும் சார்! தப்பான விலையில ஓடறதுக்குப் பேர் ஓடறதா? பிஎச்பியைப் பாருங்கன்னு ஜல்லி வேற. அங்கே இன்க்ளூட், கோப்பே இல்லைன்னா எச்சரிச்சுட்டுப் போகும், வாஸ்தவம். ஆனா வேணுங்கிறவனுக்கு ரிக்வயர் இருக்கு, அது நிறுத்திடும். இலக்கணப் பிழை இருந்தா இன்க்ளூடும் கண்டுக்காமப் போகாது. 2015ல வந்த பிஎச்பி 7லேர்ந்து பார்ஸ்எரர் எறியும், கோப்பு, வரியோட. பிடிக்கிறதும் விடறதும் எழுதறவன் இஷ்டம். எங்க மொழியில அந்த இஷ்டத்தை யார் கேட்டா?

பேட்ச் இன்னும் ரிவ்யூல தூங்குது. அடுத்த லோடு வர்றதுக்குள்ள எழுப்பியாகணும்.