கூலி செலவா, பயனா?

நம் செய்யாற்றை அடுத்த ஆரணியின் பட்டை நாடறியும். அதை நெய்யும் கூட்டுறவுச் சங்கங்களுள் திறன்மிக்கது எது? நூறு தறிச் சங்கத்தையும் இருபது தறிச் சங்கத்தையும் இலாபம் என்ற ஒரே கோலால் அளப்பது நீதியன்று.

1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர்கள் நேரியல் திட்டமிடலைக் கொண்டு இதற்கொரு வழி கண்டனர். பெற்ற பயனை இட்ட பொருளால் வகுத்தால் வருவது திறன். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அம்மதிப்புகளால் எந்த நிறுவனத்தின் திறனும் 1-ஐத் தாண்டக் கூடாது. அப்படியும் 1-ஐ எட்டாததே திறன் குறைந்தது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளை ஒப்பிட எழுந்த முறை இது.

ஆயினும், எது இட்டது, எது பெற்றது என்று பிரிப்பது கணிதமன்று, மனிதன். கூலியைச் செலவில் எழுதினால், மற்றவை சமமாயின், நெசவாளிக்குக் குறைத்துக் கொடுத்த சங்கம் முந்தும். பயனில் எழுதினால் நிறைவாகக் கொடுத்த சங்கம் உயரும்.

கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினரே நெசவாளிதானே! அவர் வாழ்வதற்காக எழுந்ததன்றோ சங்கம்? எனவே கூலியைப் பயன் பக்கத்தில் எழுதுவதே முறை. கணக்கில் தவறு நேராதிருந்தால் மட்டும் போதாது; கணக்கு நேர்மையாகவும் இருத்தல் வேண்டும்.