முன்பணம் கொடுப்பவருக்கும் நட்டத்தில் பங்கு உண்டு



சரக்கை முதலில் கொடுத்துவிட்டு, பற்று நோட்டை வைத்துக்கொண்டு பணத்துக்குக் காத்திருப்பது நம் தொழில். பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, சரக்கை வாரம் ஒரு கூடையாக ஐந்தாறு மாதம் கொடுத்துத் தீர்க்கும் வியாபாரம் ஒன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 40 ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதைச் செய்பவர்கள் பெரும் நிறுவனத்தார் அல்லர். செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் இல்லாமல் சில ஏக்கரில் காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள இந்தியன் லைன் பண்ணையில் ராபின் வான் என் என்ற பெண்மணியும் அவருடைய நண்பர்களும் 1986இல் இந்த முறையில் காய்கறி வழங்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணையும் தொடங்கியது. முறை எளியது. விதை, கூலி, கருவி, விவசாயியின் குடும்பச் செலவு எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கு என்ன ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். அதைப் பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டு, விளைச்சலுக்கு முன்பே பணம் கட்டுகின்றன.

அங்கே குளிர்காலத்தில் நிலம் பனிமூடிக் கிடக்கும். விற்கக் காய் இல்லாத அந்த மாதங்களில்தான் விதை வாங்கவும் கருவிகளைப் பழுது பார்க்கவும் பங்குப் பணம் கைகொடுக்கிறது. மார்ச்சில் கூடாரத்துக்குள் வெங்காய நாற்று விடுகிறார்கள். மே மாதம் உறைபனி பயம் நீங்கிய பிறகே தக்காளி நாற்று வயலுக்குப் போகும். ஜூனில் வரும் முதல் கூடைகளில் கீரை, முள்ளங்கி, பட்டாணி தவிர அதிகம் இராது. ஆகஸ்டில் தக்காளி, பீன்ஸ், மக்காச்சோளம் என்று கூடை நிரம்பி வழியும். அக்டோபரில் பூசணி, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ். பிறகு மறுபடி பனி. வாடிக்கையாளர் கேட்டதைப் பண்ணை கொடுப்பதில்லை. நிலம் கொடுத்ததை வாடிக்கையாளர் சமைக்கிறார். அது சலித்துப்போய் மறு ஆண்டு விலகிக்கொள்பவர்களும் உண்டு.

2009ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் விடாத மழை. பெரிய கடைகளில் விற்ற தக்காளி நாற்றுகளோடு கருகல் நோயும் பரவியது. மருந்தடிக்காத சிறு பண்ணைகள் பலவற்றில் தக்காளி அடியோடு போயிற்று. சந்தையை மட்டும் நம்பியவருக்கு அந்த நட்டம் முழுவதும் அவர் தலையில். பங்குமுறைப் பண்ணைகளிலோ அது பல குடும்பங்களுக்குப் பிரிந்து போயிற்று. தக்காளி குறைந்த கூடையை வாங்கிக்கொண்டு போனார்கள், ஒப்பந்தமே அதுதான்.

நம் ஊர் மண்டிகளிலும் விவசாயிக்கு முன்பணம் கொடுப்பது உண்டு. ஆனால் அது கடன். விளைந்தால் சரக்கு அந்த மண்டிக்கே வர வேண்டும். விளையாவிட்டாலும் பணம் திரும்பியாக வேண்டும். தக்காளி மலிந்து, பறிகூலிக்கும் கட்டுபடியாகாமல் செடியிலேயே விடப்படும் காலத்தில் விவசாயி தனியாக விழுகிறார். அடுத்த போகம் அவர் தக்காளி போடுவதில்லை. வரத்து குறைந்து விலை ஏறுகிறது. அப்போது வாடிக்கையாளரின் கோபத்துக்கு ஆளாவது யார்? கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம்தான். விவசாயியின் நட்டம் நம் கணக்கில் சேராது என்பது சரியான கணக்கு அல்ல.

விவசாயியும் வாடிக்கையாளரும் நேராகக் கைகோத்தால் கடைக்கு என்ன வேலை என்று சிலர் அஞ்சலாம். தமிழ்நாட்டில் உழவர் சந்தைகள் 1999 முதல் நடக்கின்றன, கடைகளும் நடக்கின்றன. வேண்டிய காயை வேண்டிய நாளில், வேண்டிய அளவில் தருவதற்குக் கடைதான் வேண்டும். ஆகவே அஞ்சுவதை விட்டு, அந்த முறையில் நமக்கு உதவுவதை எடுத்துக்கொள்வோம்.

ஒரே பகுதியில் உள்ள நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து, பக்கத்து விவசாயி ஒருவரோடு ஒரு போகத்துக்கு ஒப்பந்தம் செய்து பார்க்கலாம். தேவை முழுவதையும் அல்ல, பத்தில் ஒரு பங்கு போதும். விலையை அன்றைய சந்தையை வைத்து அல்லாமல் சாகுபடிச் செலவை வைத்து முடிவு செய்ய வேண்டும். அதில் விவசாயியின் சொந்த உழைப்புக்கும் கூலி எழுத வேண்டும். அமெரிக்கப் பண்ணைகள் பல தடுமாறுவது இந்த இடத்தில்தான். பங்கு விலை வைக்கும்போது தம் கூலியை விட்டுவிடுகிறார்கள். நம்மில் எத்தனை பேர் கடைக் கணக்கில் நம் சம்பளத்தை எழுதுகிறோம்?

முதலுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஐந்து பேர் பிரித்துப் போட்டால் பாரம் தாங்கும். விளைச்சல் பொய்த்தால் இழப்பதும் ஐந்தில் ஒரு பங்குதான். சந்தை விலை இறங்கும் காலத்தில் நமக்கு நட்டம் போலத் தோன்றும். ஏறும் காலத்தில் அதே விலைக்குச் சரக்கு வரும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். ஒரு பகுதியிலாவது ஒரு போகம் செய்து பார்த்து, வந்த லாப நட்டத்தை எல்லோர் முன்னிலும் வைப்போம்.